ஓட்டவீரர் இலட்சுமணன்: ஓர் அடியின் கணக்கு

நெடுந்தூர ஓட்டம் என்றதும் கென்ய நாட்டு வீரர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அதில் தவறில்லை. ஆயினும், நம் புதுக்கோட்டை மண்ணில் 1990இல் பிறந்து, ஆசியக் கண்டத்திலேயே முதல்வராக ஓடி வந்த கோ. இலட்சுமணன் அவர்களை நம் மாணவ நண்பர்களில் எத்தனை பேர் அறிவர்? அவர் வரலாற்றில் ஓர் அறிவியல் கணக்கும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் குடும்பம் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வந்து தில்லி லக்ஷ்மிபாய் நகரில் குடியேறியது. 2016 நவம்பரில் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். தில்லி அரை மராத்தான் ஓட்டம் காண, ஒரு ஞாயிறு விடியலில் தந்தையார் என்னை நேரு விளையாட்டரங்கின் பக்கத்துச் சாலைக்கு அழைத்துச் சென்றார். கென்ய வீரர் எலியுட் கிப்சோகே 59 நிமிடம் 44 விநாடியில் வென்றார். இந்திய வீரர்களில் முதலாவதாக வந்தவர் இலட்சுமணன். இடைவெளி ஏறத்தாழ ஐந்து நிமிடம்.

ஏன் இவ்வளவு வேற்றுமை? கென்யாவின் இட்டென் என்னும் ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயு குறைவு. அதை ஈடுசெய்ய உடல் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்கிறது. சிறு வயது முதல் அங்கு ஓடுவோருக்கு அது ஒரு மூலதனம். இலட்சுமணனோ புதுக்கோட்டைச் சமவெளியில், வெயிலில், பயிற்சியாளர் லோகநாதனிடம் ஓடப் பழகியவர்.

2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000 மீட்டரில் அவர் தங்கம் வென்றார். 10,000 மீட்டரிலும் தங்கம். 5,000 மீட்டரில் தங்கம் பெற்ற நேரம் 14 நிமிடம் 54 விநாடி. மறுமாதமே இலண்டன் உலகப் போட்டியில் அதே தூரத்தை 13 நிமிடம் 35 விநாடியில் ஓடினார். இருந்தும் இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை! பதக்க ஓட்டத்தில் யாரும் கடிகாரத்துடன் போட்டியிடுவதில்லை. ஒருவரையொருவர் கண்காணித்து மெதுவாகவே ஓடி, கடைசிச் சுற்றுகளில் பாய்வர். புழுக்கமும் வேகத்தைக் குறைத்துவிடும்.

2018 ஆகஸ்டு 26. ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. 10,000 மீட்டர், அதாவது 25 சுற்று. இலட்சுமணன் 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக வந்தார். எங்கள் வீட்டில் ஒரே ஆரவாரம். தாயார் கேசரி கிளறி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். சற்று நேரத்தில் செய்தி வந்தது: ஓட்டத்தின் நடுவே அவருடைய இடது கால் பாதையின் உள் எல்லையைத் தாண்டிப் பதிந்ததாம், தகுதி நீக்கம். மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. வெண்கலம் சீன வீரருக்குப் போயிற்று. அன்றிரவு தந்தையார் சாப்பிடவில்லை.

இன்று பௌதிகத்தில் முதுகலை பயிலும் நான் அந்த அடியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். வளைவின் ஆரம் சுமார் 36.8 மீட்டர். ஓர் எட்டு 2 மீட்டர், கால் உள்ளே சென்றது 20 செ.மீ. என்று கொள்வோம். அதனால் மிச்சமாகும் தூரம் ஏறத்தாழ 1 செ.மீ.; ஒரு விரலின் அகலம்கூட இல்லை!

அப்படியானால் விதி கொடியதா? மறுபக்கமும் பார்க்கவேண்டும். அதே 20 செ.மீ. உள்ளேயே எல்லா வளைவுகளிலும் ஓடினால் சுற்றுக்கு 1.26 மீட்டர், 25 சுற்றுக்கு 31 மீட்டர் மிச்சம். அது 5 விநாடிக்கு மேல். பதக்கமே மாறிவிடும். எத்தனை அடி, எவ்வளவு லாபம் என்று நடுவர் அளந்துகொண்டிருக்க இயலாது. எனவே கோடே தீர்ப்பாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின், வளைவில் ஒரே முறை கோட்டை மிதிப்பது பொறுக்கப்படலாம் என்று விதி சற்றே தளர்ந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சர் இலட்சுமணனுக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்கிப் பாராட்டினார். ஆனால் போட்டியின் பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

என் கணக்குத் தாளைத் தந்தையாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இருமுறை படித்தார்.

“கணக்கு சரியாத்தான் இருக்கும். ஆனா, குடுத்த கேசரியைத் திருப்பியா கேட்டோம்? அந்தப் பையன் ஓடினது ஓடினதுதான்டா” என்றார்.