வெளிமானைத் தேடி

காடு என்றவுடன் நம்மில் பலருக்குக் குற்றால மலையும் சாரலுமே நினைவுக்கு வரும். கரிசல் மண்ணில் பிறந்த நமக்கு அருகில் காடு ஏது என்றே நானும் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் அப்பா எங்களை வல்லநாட்டுக்கு அழைத்துச் சென்றபோதுதான் அவ்வெண்ணம் மாறியது.

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், நெல்லைக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் முன்னதாக வல்லநாடு உள்ளது. அங்குள்ள குன்றும் அதைச் சூழ்ந்த நிலமுமாகச் சுமார் 16 சதுர கிலோமீட்டர் பரப்பு 1987-ஆம் ஆண்டு வெளிமான் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வானளாவிய மரங்கள் அங்கு இல்லை. குடைவேல், முட்புதர், புல், பாறை, அவ்வளவே. "இதுவா காடு? நம்ம ஊர்த் தரிசு மாதிரில்லா இருக்கு!" என்றாள் தங்கை.

வெளிமான் பார்வைக்கு மான். உண்மையில் மாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. புள்ளிமானின் கொம்பு உதிர்ந்து மீண்டும் வளரும். வெளிமானின் முறுக்கிய கொம்போ உதிர்வதே இல்லை. வளர்ந்த ஆண் மேலே கருமையாகவும் வயிற்றில் வெண்மையாகவும் இருக்கும். பெண் இளம்பழுப்பு நிறம்.

வனத்துறை அனுமதியுடன், வனக்காவலர் ஒருவர் வழிகாட்ட, அதிகாலையில் நடந்தோம். விடிந்தால் தையல் இயந்திரச் சத்தம் கேட்கும் புதியம்புத்தூர்க்காரர்களுக்கு வாய் மூடி நடப்பது எவ்வளவு கடினம்! எங்கள் பேச்சினால் முதல் அரை மணி நேரம் குளம்புத் தடங்களை மட்டுமே கண்டோம். (ரப்பர் செருப்பு அணிந்து செல்லாதீர்கள். முள் நேரே பாதத்திற்கு வந்துவிடும்.) பிறகு அமைதியாக நின்றபோது, தொலைவில் ஏழு மான்கள். அவை எங்களை முன்பே பார்த்திருந்தன. ஒரு துள்ளல், மறைந்துவிட்டன.

பள்ளியில் மரக்கன்று நட்ட பெருமையில், "இங்கேயும் நிறைய மரம் நட்டால் என்ன, அண்ணா?" என்று கேட்டேன். காவலர் சிரித்தார். "அடர்ந்து போச்சுன்னா இது எங்கம்மா ஓடும்?" என்றார். எதிரியைத் தூரத்திலேயே கண்டு, ஓடித் தப்புவதே இதன் வழக்கம். அதற்குத் திறந்த வெளியும் புல்லும் வேண்டும். சீமைக்கருவேல் பரவி அடைத்துக்கொண்டால் இரண்டும் போய்விடும். நாம் தரிசு என்று ஒதுக்குவதுதான் இதற்கு வீடு.

சென்னை மாணவியருக்கு இவ்வளவு தூரப் பயணம் தேவையில்லை. 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டியில், 3 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில், நகரின் நடுவிலேயே வெளிமான் வாழ்கிறது.

திரும்பும் வழியில் பேருந்து ஒரு பொட்டலைக் கடந்தது. நடுவில் மனை விற்பனைப் பலகை. தங்கை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "அக்கா, முன்னாடி இங்கேயும் மான் நின்னிருக்குமோ?" என்று கேட்டாள்.