நட்சத்திரத்துக்கு எடைக்கல்

கறிகாய்க்காரி தராசைத் தூக்கியதும் உங்கள் கண் எங்கே போகிறது? கத்தரிக்காயிலா? இல்லை, எடைக்கல்லில் அல்லவா! கல்லில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. கல் பொய்யானால் எடை முழுவதும் பொய்.

வானத்திலும் இதே வம்புதான். ஒரு நட்சத்திரத்தின் பிரகாசத்தை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த இன்னொன்று சரியான எடைக்கல்தானா?

அமெரிக்காவில், ஹார்வர்டு வானாராய்ச்சிக் கூடத்தில் இந்தக் கவலையைச் சுமந்தவர் ஒரு பெண்மணி. 1868-ல் பிறந்த ஹென்ரியட்டா லெவிட். காது கேட்கும் சக்தி குறைந்துகொண்டே வந்தது. சம்பளம் மணிக்கு 30 சென்ட். வேலை, கண்ணாடித் தகடுகளில் எடுத்த வானப் படங்களைப் பரிசோதிப்பது. அவற்றில் நட்சத்திரங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும். பிரகாசம் அதிகமானால் புள்ளி பெரிது. ஆனால் டெலிஸ்கோப் மாறினாலும் புள்ளி மாறும். அதிக நேரம் படம் எடுத்தால் பருக்கும். ஆகாயம் மங்கினால் சிறுக்கும். எதை நம்புவது?

லெவிட் வட துருவத்தை ஒட்டிய 96 நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டார். வட தேசத்தாருக்கு அவை வருஷம் முழுவதும் மறையாமல், ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும். 13 டெலிஸ்கோப்புகளில் எடுத்த 299 படங்களைப் பொறுமையாக ஒப்பிட்டார். மிகப் பிரகாசமானதற்கும் மிக மங்கலானதற்கும் வித்தியாசம் சுமார் 60 லட்சம் மடங்கு! ஒரு குன்றிமணிக்கும் பத்து மூட்டை அரிசிக்கும் உள்ள வித்தியாசம். 1913-ல் சர்வதேச நிபுணர் குழு அந்த வரிசையை ஏற்றது. 1917-ல் முழு விவரமும் அச்சாயிற்று.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? சிலவகை நட்சத்திரங்கள் மங்கி மங்கிப் பிரகாசிக்கும். அதற்கு அதிக நாள் எடுத்துக்கொள்வது உண்மையில் அதிகப் பிரகாசமுள்ளது என்று 1912-ல் லெவிட் காட்டினார். உண்மைப் பிரகாசமும் கண்ணுக்குத் தெரியும் பிரகாசமும் தெரிந்தால் தூரம் தெரிந்துவிடும். 1923-ல் ஆண்ட்ரோமீடாவில் அப்படி ஒரு நட்சத்திரத்தைக் கண்ட எட்வின் ஹப்பிள், அது நம் பால்வீதிக்கு வெகு தூரத்துக்கு அப்பால் உள்ள தனி உலகம் என்று கண்டார். பாவம், லெவிட் 1921-லேயே புற்றுநோயால் காலமாகிவிட்டார்.

கண்ணாடித் தகடு போய் எலெக்ட்ரானிக் காமிரா வந்தும் பழைய வம்பு தீரவில்லை. வானத்தைப் பட்டை பட்டையாகப் படமெடுத்த ஸ்லோன் ஆராய்ச்சியில், பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களைக் கவனித்தார்கள். ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு இரவுகளில் இரண்டு கணக்கு வந்தால், பிழை நட்சத்திரத்தில் இல்லை, தராசில்! எல்லாப் பிழைகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 2008-ல் நான்கு நிறங்களில் பிழையை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தார்கள்.

சந்தேகம் வந்தால் அதே சாமானை அடுத்த கடைத் தராசிலும் நிறுத்துப் பார்ப்போமே, அந்த யுக்திதான். அண்டத்தை அளக்கவும் நம் வீட்டுப் புத்தியே கைகொடுக்கிறது, பார்த்தீர்களா?