பழைய ராஜ்தூத்தும் புதிய பெட்ரோலும்

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு இப்போது யோக காலம் நடக்கிறது. மைசூரில் 1996-ஆம் வருஷத்தோடு உற்பத்தி நின்றுபோன யெஸ்டிக்கும், அதற்கு முன்னோனான ஜாவாவுக்கும், 1985 முதல் 1996 வரையில் வெளிவந்த ஆர்.எக்ஸ். 100-க்கும், வாங்கியவரைப் பெட்ரோல் செலவாலேயே விற்க வைத்த ராஜ்தூத் 350-க்கும் இன்று சொல்லப்படுகிற விலையைக் கேட்டால், அவற்றைப் புதிதாக விற்ற காலத்துக் கடைக்காரர்களே மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். இந்த மோகத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்பது ஆசிரியர் இட்ட பணி. பணியை மீறாமலே, அந்த மோகம் இன்னும் எட்டிப் பார்க்காத ஒரு வண்டியைப் பற்றி எழுத உத்தேசித்திருக்கிறேன்.

ராஜ்தூத் 175 என்றால் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு உடனே கண்முன் வருவது, இரு பக்கமும் பால் கேன் தொங்க, பின்னால் நீலப் புகை சூழ, விடியற்காலையில் ஊரை எழுப்பிக்கொண்டு போகும் ஒரு வண்டிதான். 1960-களின் தொடக்கத்தில், போலந்து தேசத்து எஸ்.எச்.எல். எம்11 என்னும் வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு வடக்கே ஃபரீதாபாத்தில் உருவாகத் தொடங்கி, பிற்பாடு வந்த ஜப்பானியக் கூட்டு வண்டிகள் பலவும் தோன்றி மறைந்த பிறகும் 2005 வரையில் பிடிவாதமாக வெளிவந்துகொண்டிருந்த இந்த யந்திரத்துக்கு, அழகன் என்றோ வேகன் என்றோ எவரும் பட்டம் சூட்டியதில்லை. 173 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர், மூன்றே கியர், ஏழரைக் குதிரைசக்தி. அவ்வளவுதான் அதன் ஐசுவரியம். இதன் குட்டித் தம்பியான ஜி.டி.எஸ். என்ற சிறு வண்டி, 1973-இல் வந்த ‘பாபி’ படத்தில் கதாநாயகனைச் சுமந்த ஒரே காரணத்தால் பாபி என்றே பெயர் பெற்றுக் கீர்த்தியடைந்துவிட்டது; உழைத்துக் களைத்த அண்ணனுக்குப் பால்காரர் வண்டி என்ற பெயர்தான் மிஞ்சியது.

ஆனால் ஓட்டுவதற்கென்று ஒரு பழைய வண்டியைத் தேடுகிறவருக்கு இதைவிட உகந்தது வேறில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. என்ஜினுக்குள் முக்கியமாக அசைவன என்று சொல்லத்தக்கவை பிஸ்டனும், கனெக்டிங் ராடும், கிராங்கும்தான். நடுத்தெருவில் நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றித் துடைத்து, பாயிண்ட்டை உரசி, கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழுவி மாட்டினால் பத்துக்கு எட்டு சந்தர்ப்பங்களில் புறப்பட்டுவிடும் என்பது இதை வைத்துப் பிழைத்தவர்களின் அனுபவம். ஆர்.எக்ஸ். 100 நல்ல நிலையில் லட்சத்தைத் தாண்டிவிட்ட இந்நாளில், அதில் ஒரு சிறு பங்குக்கே இது கிடைக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு வண்டியைத் தேடத் தக்க இடம் திண்டுக்கல் ஜில்லாவின் சேவுகம்பட்டிப் பக்கம். அந்த ஊரைப் பற்றி வாசகர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்தில் பெருமாள் சந்நிதியில் வாழைப்பழம் சூறைவிடுகிற ஊர் என்றாலே நம் பக்கத்தில் தெரிந்துவிடும். அந்த ஊரையும் பட்டிவீரன்பட்டியையும் அய்யம்பாளையத்தையும் சுற்றிக் கிடக்கும் தென்னந்தோப்புகளிலும், சித்தரேவைக் கடந்து பெரும்பாறை, தாண்டிக்குடி என்று கீழ்ப்பழனி மலைமேல் ஏறுகிற சாலையின் இரு மருங்கிலும் உள்ள காப்பித் தோட்டங்களிலும், ஒரு காலத்தில் உரமூட்டையும் மிளகுச் சாக்கும் வாழைத்தாரும் இத்தகைய வண்டிகளின் முதுகில்தான் ஏறி இறங்கின. ஆகையால், இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பம்ப்செட் அறைகளைத் திறந்து பார்த்தால், தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு அகப்படுவது ஆச்சரியமல்ல.

நான் பார்த்த வண்டியும் அப்படி ஒரு தோப்பில்தான் நின்றது. எலி குதறிய சீட்டின்மேல் கோழி அடைந்த அடையாளம். ஸ்போக்குகள் பாதி துருவில். ஆனால் சிலிண்டரின் பட்டைகள் ஒன்றுகூட உடையாமல் முழுசாக இருந்தன. பட்டை உடையாத சிலிண்டர் என்றால் வண்டி கீழே விழாதது, அல்லது விழுந்தாலும் பலமாக விழாதது என்று கொள்ளலாம். கிக்கரைக் கையால் அழுத்தினேன். மெல்ல எதிர்த்து, பிறகு இறங்கியது. உரிமையாளரான பெரியவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே, “தம்பி, ஓட்டுறதா இருந்தா எடுத்துக்கங்க. கழுவி வாசல்ல நிறுத்தி போட்டோ எடுக்கிறதுக்கா இருந்தா வேண்டாம்” என்றார். “ஓட்டத்தான் அய்யா” என்றேன். விலை பேசுவதற்கு அதற்குமேல் நேரம் பிடிக்கவில்லை.

நேரம் பிடித்தது காகிதத்துக்கு. ஸ்டியரிங் கழுத்தில் படிந்திருந்த மண்ணையும் கிரீஸையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மேலே வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், சேஸ் நம்பர் ஒவ்வோர் இலக்கமாகத் தாளில் எழும், அது ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதோடு ஓர் எழுத்துப் பிசகாமல் பொருந்தினால்தான் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். திண்டுக்கல் ஜில்லா மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15-இல். ஆகையால் அதற்கு முற்பட்ட வண்டியானால் அதன் மூலப் பதிவை மதுரைப் பக்கத்தில்தான் தேட நேரும். சொந்தக்காரர் காலமாகிவிட்டிருந்தால் வாரிசுகள் படிவம் 31-இல் முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகே 29, 30-ஆம் படிவங்களில் உங்களுக்கு மாற்ற இயலும். என்றோ கட்டி முடித்த கடனின் ஃபைனான்ஸ் முத்திரை புத்தகத்தில் இன்னும் நின்றுகொண்டிருந்தால் அதற்கு 35-ஆம் படிவம் வேறு. பதினைந்து வருஷம் கழிந்த வண்டிக்குத் தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பது வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சிலர், ஐம்பது வயதான வண்டியைப் புராதன வாகனமாகப் பதிந்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துடன் நம்பர் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். 2021-இல் வந்த அந்த விதியின்படி புதுப் பதிவுக்குக் கட்டணம் இருபதாயிரம். அதையும் கட்டிவிட்டுக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பழுது பார்க்கவும் பெட்ரோல் போடவும் தவிர வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது. பெரியவரின் நிபந்தனைக்கு நேர் விரோதமான ஏற்பாடு அது.

வண்டியை மீட்டெடுக்கும் வேலையில் விசேஷமாகச் சொல்ல அதிகமில்லை. லேத் பட்டறையில் சிலிண்டரைப் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது, கிராங்கைப் பிரித்துப் புதிய பின் அடித்துக் கோட்டம் பார்ப்பது, சைலன்சரை நெருப்பில் காய்ச்சிப் பல வருஷக் கரியைத் தட்டி உதிர்ப்பது, இவையெல்லாம் திண்டுக்கல் போன்ற ஊர்களில் இன்னும் நடக்கின்றன. கிடைக்காத சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன்: கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் நாள்பட்டுக் கல்லாகிவிட்டிருக்கும், அவற்றை மாற்றாமல் என்ஜினை மூடினால், அந்த இடுக்கு வழியே காற்று புகுந்து, எரிபொருள் மெலிந்து, அக்ஸிலேட்டரை விட்ட பின்னும் வண்டி ஊளையிடும். பெயிண்டும் குரோமும் எல்லாவற்றுக்கும் கடைசி. இப்போதைய வழக்கமோ தலைகீழ். முதலில் டேங்க்குக்குத் தங்கக் கோடு போட்டுவிட்டு, பிறகு என்ஜினைப் பற்றி யோசிக்கிறார்கள்.

இவ்வளவும் செய்து முடித்து, வண்டி புதுசு போல் பேசத் தொடங்கியபோதுதான், எதைப் பற்றிக் கவலையே படாமல் இருந்தேனோ அது வந்து எதிரே நின்றது. அதுதான் பெட்ரோல்.

வத்தலக்குண்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், படித்துச் சொல்வதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டுவதில் நம்பிக்கை உள்ளவர். மருந்துச் சீசா ஒன்றில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினார். அதன்மேல், பெட்ரோல் பங்கில் அன்றைக்கு வாங்கிய பெட்ரோலை ஊற்றி, மூடிக் குலுக்கி, ஜன்னல் ஓரத்தில் வைத்தார். கலங்கல் தெளிந்தபோது, அடியில் தங்கிய தண்ணீர் தன் கோட்டைத் தாண்டி நன்றாக மேலே ஏறியிருந்தது. “சார், தண்ணி ஊத்துனது இம்புட்டு. இப்ப இருக்கிறது அம்புட்டு. மிச்சம் எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்டார். மிச்சம், இப்போது பெட்ரோலோடு கலந்தே விற்கிற எத்தனால்; அதுதான் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்துகொண்டது. “அப்படின்னா அண்ணே, மழைக்காலத்துல டேங்க்குக்குள்ளேயும் இதுதானே நடக்கும்?” என்றேன். அவர் பதில் சொல்லாமல் சீசாவை மறுபடி ஒரு முறை குலுக்கினார்.

2003-இல் ஐந்து சதவீதம் என்று தொடங்கிய இந்தக் கலப்பு, 2022-இல் பத்தை எட்டி, 2030-க்கு என்று முதலில் குறித்திருந்த இருபது சதவீதத்தை 2025-லேயே வந்தடைந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்குப் பிந்திய வண்டிகளின் ரப்பரும் உலோகமும் இதைத் தாங்கும்படி செய்யப்படுகின்றன. அதற்கு முப்பது நாற்பது வருஷம் முந்திய ராஜ்தூத்தோ, தன் பெட்ரோல் டேப்பில் தக்கை வாஷரோடும் சாதாரண ரப்பர் குழாயோடும் வெளுத்த உலோகக்கலவைக் கார்புரேட்டரோடும் நின்றுகொண்டிருக்கிறது. எத்தனால் அந்த ரப்பரை ஊதவைக்கும், பிறகு வெடிக்கவைக்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு டேங்க்கின் அடியில் துருவை விளைவிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் சுண்ணாம்பு போல் வெள்ளை பூக்கச் செய்யும். சுத்தப் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய பதினைந்து பங்கு காற்று வேண்டுமென்றால் எத்தனாலுக்கு ஒன்பது பங்கே போதும். ஆகவே பழைய ஜெட்டின் வழியே வருகிற கலவை எப்போதும் மெலிந்தே இருக்கும், என்ஜின் எப்போதும் அளவுக்கு மீறிச் சூடாகும்.

இவையெல்லாம் நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கும் உள்ள கஷ்டங்கள். ராஜ்தூத் போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கென்று தனியாக ஓர் அபாயம் இருக்கிறது. அதை யாரும் பேசக் காணோம் என்பதே என் விசாரம். இந்த வண்டியின் என்ஜினுக்கு ஆயில் தனியே கிடையாது. பெட்ரோலோடு கலந்து டேங்க்கில் ஊற்றுகிற ஆயில்தான் கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆதாரம். நின்ற வண்டியில் ஈரம் சேர்ந்து எத்தனாலும் நீரும் கீழே பிரிந்து தங்கினால், ஆயில் அந்தக் கீழ் அடுக்கோடு போவதில்லை. மேலே பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. டேப்பை ரிசர்வில் திருப்பிய மாத்திரத்தில் என்ஜின் குடிப்பது அடியில் கிடக்கிற, ஆயிலே இல்லாத அந்தக் கீழ்த் திரவத்தைத்தான். மலை ஏற்றத்தில், இரண்டாம் கியரில், வண்டி கொதித்துக்கொண்டிருக்கும் வேளையில் இது நேர்ந்தால் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஓட்டுகிறவர் பெரும்பாறை வளைவில் எந்தப் பக்கம் விழுவார் என்பது அவரவர் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

கரும்பு விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும், அந்நிய நாட்டு எண்ணெய்ச் செலவு குறையும், பிரேசில் தேசத்தில் எத்தனையோ வருஷமாக இதைவிட அதிகமாகக் கலந்தே ஓட்டுகிறார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. அதுவும் ஒரு கட்சிதான்.

நம்மாலான பரிகாரங்களைச் சொல்லிவிடுகிறேன். டேப்பின் தக்கையையும் குழாயையும் எத்தனால் தாங்கும் விட்டான் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, ஊசியை ஒரு காடி உயர்த்தச் சொல்லுங்கள். பிளக்கின் நுனி வெளிறாமல் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தால் சரியாக அமைந்தது என்று அர்த்தம். ஆயிலை அவ்வப்போது, அன்றைய தேவைக்கு மட்டும் கலந்துகொள்ளுங்கள். வீடு வந்து சேர்வதற்குச் சற்று முன்பே டேப்பை மூடி, கிண்ணத்திலுள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். டேங்க் ஒன்று நிரம்ப இருக்கட்டும், இல்லையேல் அறவே வற்றியிருக்கட்டும். அரைகுறையாக நின்றால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு அதுவே வாசல். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாரம் ஒரு முறையாவது வண்டியை எடுத்து நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வருவது. ஓடுகிற வண்டியில் பெட்ரோலுக்குப் பிரிந்து நிற்க அவகாசம் கிடையாது. பளபளப்பாக்கிப் போர்வை போர்த்தி நிறுத்துகிற வண்டிகள்தான் உள்ளுக்குள்ளேயே அழுகுகின்றன. இந்த மோகக்காரர்கள் யாருக்கும் இது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் தனிமனிதரின் ஜாக்கிரதைக்கு ஓர் எல்லை உண்டு. இங்கிலாந்தில் 2021-இல் பத்து சதவீதக் கலப்பைப் பொதுவாக்கியபோதே, பழைய வண்டிகளுக்கென்று ஐந்து சதவீதத்துக்கு மேற்படாத உயர்ரகப் பெட்ரோலை அவர்கள் பங்குகளில் நிலைநிறுத்தினார்கள். ஐரோப்பாவில் 2018 முதல் ஒவ்வொரு குழாயின் மேலும் ‘இ5’, ‘இ10’ என்று வட்டமிட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர்ப் பங்கிலோ, ஊற்றுகிற பையனுக்கும் தெரியாது, ஊற்றிக்கொள்கிற நமக்கும் தெரியாது. தாலுகாவுக்கு ஒரே ஒரு பங்கில், ஐந்து சதவீதத்துக்கு மேல் கலவாத பெட்ரோலுக்கு ஒரு குழாய் ஒதுக்கினால் போதும். விலை கூடுதலாக இருந்தாலும் கொடுத்துவிட்டுப் போகிறோம். அது வருகிற வரையில், இருக்கிற குழாயின் மேல் எத்தனை சதவீதம் என்பதையாவது பெரிய எழுத்தில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த முறை பெட்ரோல் போடும்போது வாசகர்கள் ஒவ்வொருவரும் இதைக் கேட்க வேண்டும். புது வண்டி வைத்திருப்பவர்களும் கேட்க வேண்டும்.