அளவும் அமானிதமும்: விஞ்ஞானம் பற்றிய இஸ்லாமிய, மேலைத்தேயத் திறனாய்வுகள்

வலப்பனையின் மலைச்சரிவொன்றை நிலஅளவையாளர் நோக்கின் சாய்வின் பாகை தோன்றும். தோட்டத்துரை நோக்கின் கொழுந்தின் நிறை தோன்றும். அடிவாரத்து லயனில் வாழ்வோர்க்கோ அஃது இல்லமாகவும் அச்சமாகவும் தோன்றும். இவற்றுள் அளந்து கூறப்படுவது மட்டுமே உண்மையோ? விஞ்ஞானத்தின் எல்லை பற்றிய மெய்யியல் ஆராய்ச்சி இவ்வினாவிலே தொடங்குகின்றது. இஸ்லாமிய மரபும் மேலைத்தேய மரபும் இதற்கு விடை காணப் புகுந்து, நெடுந்தூரம் ஒருவழிச் சென்று பின்னர்ப் பிரிகின்றன.

நவீன விஞ்ஞானம் தோன்றுமுன்னரே இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டவர் இமாம் கஸ்ஸாலி. 1095ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய 'தஹாஃபுத்துல் பலாஸிபா' என்னும் நூலில், தீயொடு சேர்ந்த பஞ்சு எரிதல் காணப்படினும், தீயே எரித்தது என்பது காட்சியாற் பெறப்படுவதன்று என வாதிட்டார். 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூமும், காரண காரியங்களிடையே இன்றியமையாத் தொடர்பு காட்சிக்கு அகப்படுவதில்லை என்றார். இருவரும் அதனை 'வழக்கம்' எனக் கொண்டு விளக்கினர். எனினும், ஹியூமுக்கு அது மனித உள்ளத்தின் வழக்கம். கஸ்ஸாலிக்கோ இறைவன் செயலின் வழக்கம்.

இதனால் கஸ்ஸாலி அறிவியலைப் பகைத்தார் எனல் பொருந்தாது. கிரகணத்துக்கு வானியலார் காட்டும் காரணத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்போர் மார்க்கத்துக்கே ஊறு செய்கின்றனர் என்பது அந்நூலின் முன்னுரையில் அவர் கொண்ட நிலை. 12ஆம் நூற்றாண்டில் இப்னு ருஷ்து அவரை மறுத்து நூல் செய்தமை, இஸ்லாமிய மரபு ஒரே குரலினதன்று என்பதற்குச் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இரு மரபுகளும் மீண்டும் அணுகின. கலிலியோ முதலாக இயற்கை கணிதமாக்கப்பட்டபோது, மனிதர் வாழ்ந்து அறியும் உலகம் மறக்கப்பட்டது என 1936இல் ஹுஸேர்ள் எழுதினார். நவீன தொழில்நுட்பம் இயற்கையை எடுத்துப் பயன்கொள்ளுதற்குரிய கையிருப்பாகவே தோன்றச் செய்கின்றது என்றார் ஹைடெகர். 1929இல் சென்னையிற் சொற்பொழிவாற்றிய இக்பால், விஞ்ஞானங்கள் ஒவ்வொன்றும் மெய்ம்மையின் ஒரு கூற்றையே காட்டுவன, முழுமையையன்று என விளக்கினார். 1966இல் சிக்காகோவில் உரையாற்றிய செய்யித் ஹுசைன் நஸ்ர், இயற்கை இறைவனின் அத்தாட்சி என்னும் உணர்வு மறைந்தமையே சுற்றுச்சூழற் கேட்டின் வேர் என்றார்.

இக்கருத்துக்களின் உண்மையை மலையகத்து வரலாறே உரைத்துக் காட்டும். காடழித்துக் கோப்பி பயிரிடப்பட்ட மலைகளில் 1869இல் இலைநோய் தோன்றிற்று. 1880 முதல் 1882 வரை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், அந்நோய் காற்றிற் பரவும் பூஞ்சணத்தால் விளைவது எனவும், மலைதோறும் ஒரே பயிர் நிறைந்தமை அதன் பரவலுக்குத் துணையாயிற்று எனவும் தெளிவித்தார். விஞ்ஞானம் தன் கடமையைச் செவ்வனே செய்தது. ஆயினும், மலையை விளைச்சலாக மட்டும் கண்ட கண் மாறவில்லை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, கோப்பி அழிந்த இடமெல்லாம் பரந்து மற்றுமோர் ஒற்றைப் பயிராயிற்று. குறை அறிவில் அன்று, நோக்கிலேயே இருந்தது.

அந்நோக்கைத் திருத்துவது யாது என்னுமிடத்தே இரு மரபுகளும் பிரிகின்றன. மேலைத்தேயத்தார் மனித அனுபவத்தின்பாற் செல்கின்றனர். அவர்தம் வாதம் எச்சமயத்தார்க்கும் பொதுவாயினும், இயற்கைக்கு மனிதன் ஏன் கடமைப்பட்டவன் என்பதற்கு உறுதியான விடை தருவது அரிது. இஸ்லாமிய மெய்யியலார் நிலவுலகை மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம், அதாவது அடைக்கலப் பொருள், என்கின்றனர். கடமைக்கு இது வலிய அடிப்படை. ஆனால், வேதத்தை ஏலாதாரை இஃது எங்ஙனம் கட்டுப்படுத்தும் என்னும் வினா எஞ்சுகின்றது. ஒன்றன் குறையை மற்றொன்று காட்டுதலின், இரண்டையும் ஒருங்கு கற்றலே தக்கது.

2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் நேர்ந்த மண்சரிவுகள் பல உயிர்களைக் கவர்ந்தன. எச்சரிவு இடருடையது என்பதை வரைபடம் காட்டும். அதனைக் காட்டும் விஞ்ஞானத்தை இகழ்தல் பேதைமை. ஆனால், அச்சரிவின்கீழ் வாழ்வோரைக் காக்கும் பொறுப்பு எவருடையது என்பதை எவ்வளவுகோலும் உரைப்பதில்லை. அளத்தல் விஞ்ஞானத்தின் பணி. அளந்தறிந்தபின் பொறுப்பேற்றல் மனிதரின் பணி.