'லோன் சாங்ஷன் ஆகிடுச்சு'ன்னா பணம் வந்துடுச்சா? வீடு வாங்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு ஆங்கிலச் சொல்!

தாம்பரம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என ஜிஎஸ்டி சாலையை ஒட்டி வீடு தேடும் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: "பேங்க்ல லோன் சாங்ஷன் ஆகிடுச்சு." டிவியைப் போட்டால், "ரஷ்யா மீது அமெரிக்கா சாங்ஷன்" என்று செய்தி ஓடுகிறது. லோன் விஷயத்தில் அது அனுமதி. ரஷ்யா விஷயத்தில் அது தடை. இரண்டும் ஒரே சொல்தானா?

ஆமாம், ஒரே சொல்தான். ஆனால் வீடு வாங்குபவர்களைச் சிக்கலில் மாட்டிவிடும் குழப்பம் இதுவல்ல, அது வேறு.

ஒரே சொல், எதிரெதிர் அர்த்தம் எப்படி?

'சாங்ஷன்' லத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'புனிதமாக்குவது, சட்டமாக உறுதி செய்வது' என்பது அதன் வேர்ப்பொருள். சட்டம் ஒன்றை அனுமதிக்கும், மீறினால் தண்டிக்கும். இந்த இரண்டு வேலையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டன.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. எதை 'சாங்ஷன்' செய்கிறார்கள் என்று பாருங்கள். லோன், லீவு, திட்டம், நிதி என்றால் பெரும்பாலும் அனுமதி. ஒரு நாட்டையோ, நிறுவனத்தையோ, தனிநபரையோ என்றால் தடை அல்லது தண்டனை. 2022-ல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்த பிறகு மேற்கத்திய நாடுகள் விதித்த பொருளாதாரத் தடைகள் இந்த இரண்டாம் ரகம்.

அனுமதி வேறு, கையில் கிடைப்பது வேறு

நம் ஊர் அலுவலகங்களில் புழங்குவது முதல் அர்த்தம்தான். ஆனால் அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசுத் துறையில் 'சாங்ஷன் ஆன பணியிடங்கள்' என்றால், அத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அத்தனை பேரை நியமிக்க அனுமதி உண்டு, அவ்வளவுதான். காலியிடங்களும் அந்தக் கணக்கில் அடக்கம்.

லோனும் அப்படித்தான். உங்கள் சம்பளம், சிபில் ஸ்கோர் எல்லாம் பார்த்து, 'இவ்வளவு தரத் தயார்' என்று வங்கி சொல்வதுதான் சாங்ஷன் லெட்டர். அதில் நிபந்தனைகள் இருக்கும். காலாவதி தேதியும் இருக்கும். பணம் உண்மையில் கைமாறுவதற்கு ஆங்கிலத்தில் வேறு வினைச்சொல் இருக்கிறது: 'டிஸ்பர்ஸ்'.

பல நேரங்களில் சாங்ஷனுக்குப் பிறகுதான் வங்கியின் வக்கீல் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அனுமதி ஆகியவற்றைப் பார்ப்பார். மதிப்பீட்டாளர் இடத்துக்கு வருவார். புறநகரில் மனை அங்கீகாரம் இல்லாததாகவோ, வரன்முறைப்படுத்தப்படாததாகவோ இருந்தால் லோன் அங்கேயே நின்றுவிடலாம். சாங்ஷன் லெட்டரை நம்பிப் பெரிய தொகையை அட்வான்ஸாகக் கொடுத்தவர்கள் சிக்குவது இந்த இடத்தில்தான்.

கட்டுமானத்தில் உள்ள ஃபிளாட் என்றால், வேலை நடக்க நடக்கத்தான் பணம் பகுதி பகுதியாக விடுவிக்கப்படும்.

வட்டி எந்த நாளிலிருந்து?

இந்த இரண்டு சொற்களுக்கும் இடையே பணமும் போகிறது. சில நிறுவனங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து வட்டி போடாமல், லோன் சாங்ஷன் ஆன நாளிலிருந்தோ, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ வட்டி போட்டதை ரிசர்வ் வங்கி ஆய்வில் கண்டறிந்தது. செக்கில் தேதி ஒன்று, அதை வாடிக்கையாளரிடம் கொடுத்தது பல நாள் கழித்து என்ற கதையும் நடந்தது. இது நியாயமான நடைமுறை அல்ல என்று 2024 ஏப்ரல் 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கண்டித்தது. ஆய்வில் சிக்கிய நிறுவனங்கள் கூடுதல் வட்டியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அறிவுறுத்தியது.

சின்னத் தொகைதானே என்று நினைக்க வேண்டாம். 40 லட்சம் ரூபாய் கடனுக்கு 9% வட்டி என்றால் ஒரு நாள் வட்டி சுமார் 986 ரூபாய். 20 நாள் முன்கூட்டி வட்டி போட்டால், ஏறக்குறைய 19,700 ரூபாய் உங்கள் பாக்கெட்டிலிருந்து போகும்.

என்ன செய்யலாம்?

* சாங்ஷன் லெட்டர் கைக்கு வந்ததும் அதன் காலாவதி தேதியையும் நிபந்தனைகளையும் படியுங்கள். சொத்து ஆவணங்களின் சட்டப் பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கேளுங்கள்.
* 'லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்கும்' என்ற வரியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.
* ரேரா சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது.
* 2024 அக்டோபர் 1 முதல், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தரும் புதிய வீட்டுக் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை தருவது கட்டாயம். உங்களுக்குப் புரியும் மொழியில் அதைக் கேட்டு வாங்கலாம்.
* கணக்கு அறிக்கையில் முதல் வட்டி எந்தத் தேதியிலிருந்து போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அது பணம் விடுவிக்கப்பட்ட தேதியாக இருக்க வேண்டும்.

வங்கியிலிருந்து போன் வந்து "சாங்ஷன் ஆகிடுச்சு சார்" என்றால், அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருங்கள்: "டிஸ்பர்ஸ் எப்போ?"