லோக்டாக்: நீர்மட்டமும் அதிகாரமும்

'பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டம்' என்கிறார்கள். எந்த உயிரை, யாரிடமிருந்து பாதுகாப்பது? பெரிய நன்னீர் ஏரி ஒன்றை வைத்து இதைப் பேசிப் பார்க்கலாம்.

மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் பும்டி எனப்படும் மிதக்கும் திட்டுகள் உண்டு. புல்லும் வேரும் மண்ணும் மட்கலும் பின்னிக் கிடக்கிற திட்டுகள். நீர் வற்றும் மாதங்களில் இவை தரை தட்டும். வேர் சேற்றில் இறங்கிச் சத்தை எடுத்துக்கொள்ளும். மழைக்கு மறுபடி மிதக்கும். சங்காய் மான்கள் நடமாடுவது இவற்றின் மேல்தான்.

1983இல் மின்உற்பத்திக்காக இத்தாய் தடுப்பணை வந்தது. நீர்மட்டம் ஆண்டு முழுக்க உயர்ந்தே நின்றது. தரை தட்ட முடியாத திட்டுகள் மெலிந்துபோயின. வயல்கள் மூழ்கின, உழுதவர்களில் பலர் மீன்பிடிக்க இறங்கினார்கள். திட்டுகளின் மேலேயே குடிசை போட்டு வாழ்ந்த மீனவர்களும் இருந்தார்கள்.

1990இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த லோக்டாக், 1993இல் சீர்கெட்டுவரும் ஈரநிலங்களுக்கான மாண்ட்ரோ பதிவேட்டிலும் ஏறியது. 2006இல் வந்த பாதுகாப்புச் சட்டமோ மையப் பகுதியில் திட்டுகளின் மேல் குடியிருப்பதைக் குற்றமாக்கியது. 2011 நவம்பரில் நூற்றுக்கணக்கான குடிசைகள் கொளுத்தப்பட்டன. அணை அப்படியே நின்றது. ஏரியின் நோய்க்குக் காரணமான நீர்மட்டம் தொழில்நுட்ப விஷயமாகிவிட, மீனவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார். திட்டம் என்கிற பிரதி இப்படித்தான் தன் மற்றமையைக் கட்டமைத்துக்கொள்கிறது.

நேமத்தான்பட்டியிலிருந்து பார்க்கிற எனக்குப் பக்கத்து உதாரணம், திருப்பத்தூர் தாண்டி மேலூர் போகிற வழியிலுள்ள வேட்டங்குடி. லோக்டாக்கோடு ஒப்பிட முடியாத சின்னக் கண்மாய்கள். 1977இல் பறவைகள் சரணாலயமானவை. பறவை மிரளுமென்று கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே பாதுகாப்பு என்பது ஊரை வெளியேற்றி நடக்கிற காரியமில்லை.

இதைக் கிராமப் புனிதமாக்கவும் வேண்டாம். மடை யார் கையில், மீன்பாசி குத்தகை யாருக்கு என்று கேட்டால் எந்தக் கண்மாயிலும் சாதி வந்து நிற்கும். 2002 பல்லுயிர்ச் சட்டம் உள்ளாட்சிதோறும் மேலாண்மைக் குழுவும் மக்கள் பதிவேடும் வேண்டும் என்கிறது. அந்தப் பதிவேட்டில் பறவை, மீன் பெயர்களை எழுதினால் மட்டும் போதாது. எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு நிற்க வேண்டும், அதை யார் முடிவு செய்வது, அந்த முடிவில் வலை போடுகிறவருக்குக் குரல் உண்டா என்பவற்றையும் எழுத வேண்டும். ஏரித் திட்டம் எதையும் நாம் வாசிக்கத் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.