வரலாற்றுப் பரீட்சையும் பெற்றோரும்

இங்கிலாந்தில் பதினாறு வயதில் ஜீ.சீ.எஸ்.ஈ. வரலாற்றுப் பரீட்சை எழுதும் எம் பிள்ளைகளுக்கு உதவ, எமக்கு ஆங்கிலம் போதாதென ஒதுங்கிவிடுகிறோம். இது தவறு. இப்பரீட்சைக்கு ஆண்டுகளை மனனஞ் செய்தல் மட்டும் போதாது. காரணங்களை விளக்க வேண்டும்.

ஆகவே, படித்ததைத் தமிழிலே சொல்லுமாறு கேட்போம். ஜேர்மனியைப் பற்றிய பாடமாயின், 1919இன் வெர்சாய் உடன்படிக்கை, 1923இல் பணம் மதிப்பிழந்தமை, 1933இல் ஹிட்லர் பதவியேற்றமை எனப் பிள்ளை அடுக்கும்போது, "ஏன்? அதனால் என்ன நேர்ந்தது?" என்று வினவுவோம். தடுமாறும் இடமே மீண்டும் படிக்கவேண்டிய இடம்.

நாசி ஆட்சியிலிருந்து தப்பி, 1938-39இல் பெற்றோரைப் பிரிந்து ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், பெரும்பாலும் யூதர்கள், பிரித்தானியாவை வந்தடைந்தனர். அதைப் படிக்கையில், "நாங்கள் ஏன் இங்கு வந்தோம்?" என்று பிள்ளை கேட்கக்கூடும். அதற்கு விடைகூற எமக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.